பேப்பர் படமும் ஓவியமும் வைத்துச் சமூக மாற்றம் சொல்லித்தருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எட்டிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளோடு செய்தித்தாள் படங்களையும் ஓவியங்களையும் வைத்துச் சில வருடங்களாக வகுப்பு நடத்தி வருகிறேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும், ஊர் நூலகத்தில் சனிக்கிழமை வகுப்பு எடுக்கும் இளைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பாடப்புத்தகத்திலேயே எல்லாம் இருக்கிறதே, தனியாகப் படம் எதற்கு?

தீண்டாமை ஒழிக்கப்பட்டது, அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு என்று பாடத்தில் ஒரு வரி வரும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதற்காக யார் எந்த வாசலில் போய் நின்றார்கள், எதிரே நின்றது யார் என்பதெல்லாம் அந்த வரிக்குள் இல்லை. யார் எங்கே நிற்கலாம், யார் முன்னால் யார் உட்காரலாம் என்பது மாறும்போதுதான் ஊர் மாறுகிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியும். பார்க்கப் பழகிய பிள்ளை கல்யாண ஆல்பத்தையும் டீக்கடை பெஞ்சையும்கூட அதே கண்ணோடு பார்க்க ஆரம்பித்துவிடும். எனக்கு வேண்டியது அதுதான்.

முதல் வகுப்புக்கு எந்தப் படத்தில் தொடங்கலாம்?

சின்னப்பிள்ளை அம்மாவின் படத்தில் தொடங்குங்கள். 2001 ஜனவரியில் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது விழா. புல்லுச்சேரிக்காரரான சின்னப்பிள்ளை விருது வாங்க வருகிறார். பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொடுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளி அவர். களஞ்சியம் சேமிப்புக் குழுக்களில் கிராமத்துப் பெண்களைத் திரட்டியவர். 2019இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

நான் படத்துக்குக் கீழே இருக்கும் எழுத்தை மடித்து மறைத்துவிட்டுத்தான் காட்டுவேன். போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், "எங்க அப்பத்தாவும் இப்பிடித்தான் சார் சேலை கட்டும்" என்றாள். "சரி, குனியுறது யாரு?" என்று கேட்டேன். பின்வரிசைப் பையன் ஒருவன், "அவங்க மகனா சார்?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த உலகத்தில் அப்பத்தா காலில் விழுகிறவர்கள் பிள்ளைகளும் பேரன்களும்தான். நாட்டின் பிரதமர் என்று சொன்னதும் வகுப்பு அப்படியே அமைதியானது.

அந்த அமைதியில் அவசரப்பட்டுப் பேசிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் விட்டு, நம் ஊரில் வழக்கமாக யார் யாரிடம் குனிவார்கள் என்று கேளுங்கள். கூலி வாங்கப் போகும்போது, கடன் கேட்கப் போகும்போது, தாலுகா ஆபீசில் மனு கொடுக்கும்போது என்று வரிசையாக வரும். கந்துவட்டி என்ற சொல்லும் அவர்கள் வாயிலிருந்தே வரும். அப்புறம் ஒரு வேலை கொடுங்கள்: இந்தப் படம் ஒரு நொடிதான். இதற்குப் பத்து வருடம் முன்னால் இந்த அம்மா என்ன செய்துகொண்டிருந்திருப்பார்? ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். கைதட்டல் கிடைத்த நாளைப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்காமல் போன வருடங்களை விட்டுவிடக் கூடாது.

ஒரு பீரியடில் இதை எப்படி முடிப்பது?

நாற்பது நிமிடத்துக்கு ஒரு படம் போதும். இரண்டாவது படத்தை எடுத்தால் முதல் படம் வீணாகும்.

முதல் மூன்று நிமிடம் யாரும் பேசக் கூடாது, நீங்களும்தான். அடுத்து, கண்ணில் படுவதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். "சோகமா இருக்காங்க" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை எங்கே பார்த்தாய் என்று கேளுங்கள். உதட்டிலா, தோளிலா, கையை வைத்திருக்கும் விதத்திலா? இந்த ஒரு கேள்விக்குப் பழக்கிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. பிறகுதான் நிற்கும் இடம். யார் நடுவில், யார் ஓரத்தில், யார் காலில் செருப்பு இல்லை, கேமரா யார் பக்கம் நிற்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் எந்த ஊர், எந்தத் தேதி என்று செய்தியைச் சொல்லுங்கள். செய்தியை முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்து, நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைத் தேட ஆரம்பிப்பார்கள்.

வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சாதி பற்றிய படம் காட்டினால் பிரச்சினை வராதா?

வரும். எனக்கு வந்தது. ஆரம்பத்தில், வேறொரு பள்ளியில் இருந்தபோது, நேராக உத்தபுரம் சுவரின் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். பேரையூர் வட்டத்தில், பட்டியல் சாதி மக்களின் தெருவைப் பிரித்து 1989இல் எழுப்பிய சுவர் அது. 2008 மே 6 அன்று அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. படத்தைப் பார்த்ததும் பாதிப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள், மீதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். மணி அடித்த பிறகு ஒரு பையன் வந்து, "எங்க ஊரப் பத்தியும் காட்டுவீங்களா சார்?" என்று கேட்டான். பயந்து கேட்டானா, ஆசையில் கேட்டானா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. மறுநாள் இரண்டு பெற்றோர் பள்ளிக்கு வந்துவிட்டார்கள்.

பயந்து நிறுத்தவில்லை, வரிசையை மாற்றினேன். முதலில் தூரத்து ஊர், பிறகு நம் ஊர்.

இப்போது தொடங்குவது அமெரிக்காவில். 1960 நவம்பர் 14, நியூ ஆர்லியன்ஸ் நகரம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும் படித்துவந்த பள்ளிக்கு ரூபி பிரிட்ஜஸ் என்ற 6 வயதுக் கறுப்பினச் சிறுமி போகிறாள். வெளியே கூட்டம் கூச்சல் போட்டதால் மத்திய அரசின் காவல் அதிகாரிகள் துணைக்கு வருகிறார்கள். அதற்குச் செய்திப் புகைப்படம் இருக்கிறது. அந்தச் சம்பவத்தை வைத்து நார்மன் ராக்வெல் என்ற அமெரிக்க ஓவியர் வரைந்த ஓவியம் 1964இல் ஒரு பத்திரிகையில் வந்தது. ஓவியத்தில் வெள்ளைச் சட்டை போட்ட சிறுமி கையில் புத்தகத்தோடு நடக்கிறாள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். பின்னால் சுவரில் ஒரு வசைச்சொல்லும், தக்காளி அடித்துச் சிதறிய கறையும்.

"அந்தாளுகளுக்கெல்லாம் தலையவே காணோம் சார்" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆமாம், ஓவியர் பெரியவர்களைத் தோளோடு வெட்டிவிட்டார். சட்டகத்துக்குள் முழுதாக நிற்பது சிறுமி மட்டும்தான். அடுத்து நான் கேட்பது தக்காளியைப் பற்றி. எறிந்தது யார்? கூட்டத்தில் ஒருவர். கூட்டம் எங்கே? படத்தில் காணோம். அப்படியென்றால் எங்கே நின்று எறிந்திருப்பார்கள்? இங்கே எப்போதும் ஒரு நீண்ட இடைவெளி விழும். அப்புறம் யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்வார்: "நாம நிக்கிற எடத்துல இருந்துதான் சார்."

அந்தப் பதில் வந்த பிறகு, அடுத்த வாரம் உத்தபுரத்துப் படத்தை எடுக்கலாம். தூரத்து ஊரில் கற்றுக்கொண்ட கேள்வியைப் பிள்ளைகளே இங்கே கொண்டுவந்து வைப்பார்கள். "இந்தச் சுவர்ல கேமரா எந்தப் பக்கம் நிக்குது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்றைய வகுப்பு முழுக்க அந்த ஒரு கேள்வியில் ஓடியது.

சில விஷயங்களில் நான் கறாராக இருப்பேன். எந்தப் பிள்ளையையும் அதன் சாதி சார்பாகப் பேசச் சொல்லமாட்டேன். உங்கள் ஊரில் இப்படி உண்டா என்று கை தூக்கச் சொல்லமாட்டேன். சொல்ல விரும்புவதைப் பெயர் போடாத சீட்டில் எழுதிப் போட ஒரு டப்பா வைத்திருக்கிறேன். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே படத்தைக் காட்டிவிடுங்கள். எதற்காக இதெல்லாம் என்று யாராவது கேட்டால், 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவைச் சொல்லுங்கள். சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகூடப் பள்ளிக்குள் வேண்டாம் என்று 2024இல் அந்தக் குழு பரிந்துரைத்தது. கயிற்றைக் கழற்றச் சொல்ல ஒரு உத்தரவு போதும். மனசிலிருந்து கழற்ற இப்படிப்பட்ட வகுப்புகள் வேண்டும்.

புகைப்படம் உண்மை, ஓவியம் கற்பனை. ஓவியத்தை எதற்குச் சரித்திர வகுப்பில் காட்ட வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

தாது வருஷப் பஞ்சம் என்று வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம். அப்போது ஹூப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. எலும்பும் தோலுமான மனிதர்கள், பெரியவரும் குழந்தையுமாகக் கூட்டமாக உட்கார்ந்து கேமராவைப் பார்க்கிறார்கள். பசி உண்மை, உடம்பு உண்மை. ஆனால் இப்படி வரிசையாக உட்கார வைத்தது யார்? அந்தக் காலத்துக் கேமராவில் படம் விழ அசையாமல் இருக்க வேண்டும். அசையாதே என்று சொன்னவர், படம் எடுத்து முடித்த பிறகு அவர்களுக்கு என்ன செய்தார்? உதவாமல் படம் எடுத்தார் என்ற கண்டனம் ஹூப்பர் மேல் உண்டு. படத்தில் இருக்கும் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

இப்போது 1943க்கு வாருங்கள். வங்காளப் பஞ்சம். சித்தப்பிரசாத் என்ற இளம் ஓவியர் மிட்னாப்பூர் கிராமங்களில் நடந்தே சுற்றி, மையும் தூரிகையுமாக வரைகிறார். பல ஓவியங்களில் அந்த மனிதரின் பெயர், ஊர், அவருக்கு என்ன நடந்தது என்பதைப் பக்கத்திலேயே குறித்து வைக்கிறார். அவற்றைச் சிறு நூலாகப் போட்டபோது ஆங்கில அரசு பறிமுதல் செய்து எரித்தது. கேமராவே தொடாத, கையால் வரைந்த கோடுகளைப் பார்த்து ஓர் அரசு ஏன் பயந்தது?

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எதில் உண்மை அதிகம் என்று பிள்ளைகளே சண்டை போடுவார்கள். விடுங்கள், போடட்டும். அதே வங்காளப் பஞ்சத்தைச் சுனில் ஜானா என்ற புகைப்படக்காரரும் படமெடுத்தார் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். அப்போதுதான் தவறு கேமராவில் இல்லை, அதைப் பிடிக்கும் ஆள் எப்படிப் பார்க்கிறார் என்பதில் இருக்கிறது என்று வகுப்பு வந்து நிற்கும். ஹூப்பரின் படங்களைப் பத்தாம் வகுப்புக்குக் கீழே நான் காட்டுவதில்லை.

ரத்தம், சடலம் உள்ள படங்கள்?

வேண்டாம். அதிர்ச்சியில் பிள்ளை எதையும் பார்க்காது. அதிலும், அந்தச் சடலத்தின் உறவுக்காரப் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். நம் மாவட்டத்தில் அது நடக்காத விஷயம் இல்லை.

கார்ட்டூன் காட்டலாமா?

தாராளமாக. பாரதியில் தொடங்குங்கள். 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தவர், இரண்டு வருடம் கழித்து 'இந்தியா' பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரங்களைப் போட ஆரம்பித்துவிட்டார். தமிழில் அதற்கு வழி போட்டவர் அவர். நம் ஊர்ப் பள்ளியில் பாடம் எடுத்த வாத்தியார் என்று சொன்னதுமே பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

போராட்டப் படங்களைக் காட்டினால் அரசியல் பேசுகிறோம் என்று சொல்லமாட்டார்களா?

கட்சி பேசினால்தான் தவறு. எங்கள் பிள்ளைகளுக்கு அரிட்டாபட்டி பக்கத்து ஊர். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. கிராமங்கள் திரண்டன. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்குப் பெரிய பேரணி போனது. அதே மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இவ்வளவும் நடந்த கதை. சில பிள்ளைகள் வீட்டோடு அதில் நடந்தும் இருக்கிறார்கள்.

அந்தப் பேரணிக்கு மறுநாள் வந்த மூன்று பேப்பர்களை வாங்கி வைத்திருந்தேன். ஒன்றில் உயரத்திலிருந்து எடுத்த கூட்டம், ஒன்றில் ஒரு பாட்டியின் முகம், இன்னொன்றில் போலீஸ் தடுப்பு. ஒரே நாள், ஒரே சாலை. "பேப்பர் ஆபீசில் நீ இருந்தால் முதல் பக்கத்துக்கு எதை எடுப்பாய், ஏன்?" என்று மட்டும் கேட்டேன். நடந்து போன பிள்ளை ஒன்று, "மூணுலயும் எங்க அம்மா கொண்டுபோன தண்ணிக் கேன் இல்ல சார்" என்றது. வெயிலில் நடந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போன அம்மா. அந்தக் கேனை அவன் வரைந்து கொடுத்தான். இப்போதும் எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறது, அந்த மூன்று பேப்பர் படங்களுக்குப் பக்கத்திலேயே.

பிள்ளைகளை வரையச் சொல்லலாமா? எனக்கே வரையத் தெரியாதே.

உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நான் செய்வது இது. படம் எதுவும் காட்டாமல் செய்தியை மட்டும் கரும்பலகையில் எழுதுவேன்: 1939 ஜூலை 8. மீனாட்சி அம்மன் கோவில். விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர் முன்னே போக, அதுவரை உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்தவர்கள் கோவிலுக்குள் நுழைகிறார்கள். அவர்களில் ஒருவர் தும்பைப்பட்டி கக்கன், பின்னாளில் மாநிலத்தின் உள்துறை அமைச்சரானவர். அவர்களுக்குத் துணையாக ராஜாஜி அரசின் முயற்சியில் அவசரச் சட்டமும் அந்த மாதமே வந்தது.

இதை வரை என்று ஒரு ஏ4 தாளைக் கொடுத்தால், பென்சிலை எடுத்த உடனே பிள்ளைக்கு நூறு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். கக்கனை முன்னால் நிறுத்துவதா, ஐயருக்குப் பின்னாலா? கோபுரம் எவ்வளவு பெரிது, மனிதர் எவ்வளவு சிறிது? நாம் வாசலுக்கு உள்ளே இருந்து பார்க்கிறோமா, வெளியே இருந்தா? ஒரு மாணவி முகங்களையே வரையாமல், வாசல்படியில் ஒரு காலை மட்டும் வரைந்திருந்தாள். பாதி உள்ளே, பாதி வெளியே. குதிகாலில் வெடிப்புகூடப் போட்டிருந்தாள். அழகாக வரைந்ததற்கு மதிப்பெண் போடாதீர்கள். ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டு, அவள் சொல்வதை எழுதி வையுங்கள்.

வாட்ஸப்பில் வரும் படங்களை நம்பலாமா?

வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். பழைய படத்தை நேற்றைய சம்பவம் என்று அனுப்பியிருப்பார்கள், அல்லது வேறு மாநிலத்துப் படமாக இருக்கும். ஏஐ உருவாக்கிய படமும் இப்போது நிறைய வருகிறது. இந்தத் தேடலைப் பிள்ளைகளையே ஹைடெக் லேபில் செய்யச் சொல்லலாம். எடுத்தவர் பெயர், ஊர், தேதி மூன்றும் கிடைக்காத படம் எங்கள் வகுப்புக்குள் வராது என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். பதிப்புரிமை பற்றியும் கேட்கிறார்கள். பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் பிரதி எடுத்துப் பயன்படுத்த நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிக்கிறது.

ஸ்மார்ட் போர்டு இல்லை. என்ன செய்வது?

பழைய பேப்பர் கடையில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. பெரிய படமாகப் பார்த்து வெட்டி, அட்டையில் ஒட்டுங்கள். நான்கு பேருக்கு ஒரு அட்டை. திரையில் பார்ப்பதைவிட நன்றாகவே பார்ப்பார்கள், விரல் வைத்துக் காட்ட முடியும்.

பிள்ளைகளே போனில் படம் எடுத்து வரலாமா?

எடுக்க வேண்டும். முதலில் எம். பழனிக்குமாரின் படங்களைக் காட்டுங்கள். மதுரை ஜவஹர்லால்புரத்துக்காரர், மீன் விற்ற அம்மாவின் மகன். தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைப் பல வருடங்களாகப் படமெடுத்து வருகிறார். கிராமப்புற மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்யும் பாரி (PARI) இணையதளத்தில் தமிழிலேயே பார்க்கலாம். தன் அம்மாவையும் எடுத்திருக்கிறார் என்பதைப் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்லுங்கள்.

நான் கொடுக்கும் வேலை சின்னது: வீட்டில் உழைக்கும் ஒருவரின் கையை மட்டும் எடுத்து வா. முகம் வேண்டாம். கேட்டுவிட்டு எடு. மல்லிகைப்பூ பறிக்கும் அம்மாவின் கையை ஒரு பையன் எடுத்து வந்தான். விடியாத இருட்டில் டார்ச் வெளிச்சம், பெருவிரல் நகத்தின் ஓரத்தில் பச்சைக் கறை. "தினம் இந்தக் கையிலதான் சார் சோறு வாங்குறேன், இந்தக் கறையைப் பார்த்ததே இல்ல" என்றான்.

ஒரு எச்சரிக்கை. குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் முகம், பெயர், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்று போக்சோ சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட படத்தை ஃபார்வர்டு செய்வதும் தவறு. இதைப் பிள்ளைகளிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்.

வெளியே எங்கே கூட்டிப்போகலாம்?

மதுரைக்குள்ளேயே ஒரு முழுநாள் பாடம் இருக்கிறது. கிளம்பும் முன் வகுப்பில் காந்தியின் இரண்டு படங்களைக் காட்டுங்கள். ஒன்று 1921க்கு முந்தியது, தொப்பியும் சட்டையும் வேட்டியும். இன்னொன்று அரையாடை மட்டும். என்ன மாறியிருக்கிறது, ஏன் மாறியிருக்கும் என்று கேட்டுவிட்டு, விடை மதுரையில் இருக்கிறது என்று சொல்லி பஸ் ஏற்றுங்கள்.

மேலமாசி வீதியில் அவர் தங்கியிருந்த வீட்டில் இப்போது காதி கடை இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று அங்கேதான் அரையாடைக்கு மாறினார். அன்னியத் துணியை விடச் சொன்னபோது, கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உடையோடு முதலில் மக்கள் முன் வந்து நின்ற இடம் காமராசர் சாலையில் காந்தி பொட்டல் என்ற பெயரோடு இருக்கிறது. அங்கே போய், தினமும் பார்த்த சட்டை இல்லாமல் ஒரு பெரிய தலைவர் வந்து நிற்பதைப் பார்த்த கூட்டத்தில் நீ இருந்தால் என்ன நினைத்திருப்பாய் என்று கேளுங்கள். சிலர் கூச்சப்பட்டிருப்பேன் என்பார்கள். அது நல்ல பதில்.

மதியத்துக்கு மேல் தமுக்கம். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம். சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. காலையில் படத்தில் பார்த்த ஆடை, 26 வருடம் கழித்து. அந்தப் பெட்டி முன்னால் விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். நோட்டையும் பென்சிலையும் எடுக்கச் சொல்லிவிட்டு ஓரமாக நில்லுங்கள். வரைந்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகும்.